பம்புசெட்டின் டிரம்மர்

ஜூலை 18, சனி

காலையிலிருந்து சாரல். நேற்றுத் துவைத்தது காயவில்லை, முந்தாநாள் துவைத்ததும் காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை.

பாக்கி:
- பம்புசெட் சி.டி. உறை, இன்னும் நூற்றுப்பத்து தைக்க வேண்டும்
- கட்டெறும்பு பாட்டு வரிகள், கடைசிப் பிழை பார்ப்பு
- பெங்களூர் வேன். டிரைவரிடம் மறுபடி கேட்க. 'பாப்போம்' என்கிறார். பாப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம்
- அம்மாவுக்கு மூட்டுத் தைலம்

இரண்டு பேண்ட், இரண்டு ஆல்பம், ஒரே நாள், 31 வெள்ளி. பம்புசெட்டின் 'கரண்ட் எப்ப வரும்', எட்டுப் பாட்டு. கட்டெறும்பின் 'இடது கால்', ஆறு பாட்டு. மறுநாள் சனிக்கிழமை பெங்களூரில் இரண்டு பேருக்கும் மேடை. இப்படிச் சேர்த்து வைத்தது பம்புசெட் பாடகன் ஆன்றோவின் யோசனை. 'கெத்தா இருக்கும்க்கா' என்றான். கெத்தாக இருக்கிறதோ இல்லையோ, எனக்கு முதுகு வலிக்கிறது.

ஈரத்துணி ரெக்கார்ட்ஸ் என்று பெயர் வைத்து ஒன்பது வருடம். கம்பெனி என்றால் நான், ஒரு லேப்டாப், மேலகரத்தில் லாட்ஜ் ஒன்றின் பின்கட்டு அறை. சி.டி.யைக் குற்றாலத் துண்டில் வெட்டித் தைத்த உறையில் போட்டுக் கொடுப்போம், அதுதான் எங்கள் அடையாளம். இப்போது உறை எல்லாம் சாரலில் நமத்துப்போய் நிஜமாகவே ஈரத்துணி.

பகலில் பிரஸ் வேலை. ஆடி மாதம், ஊருக்கு ஊர் கோயில் கொடைத் திருவிழா. கொடை நோட்டீஸ், கொடை பேனர், கொடை வசூல் ரசீது. கணினியில் இன்று மட்டும் பதினோரு அம்மன்கள். கடை அண்ணாச்சி ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்து, 'அம்மன் மொகத்துல இன்னும் கொஞ்சம் வெளிச்சம் போடும்மா' என்கிறார்.

தூக்கம் வருகிறது. மணி எட்டுதான்.

ஜூலை 20, திங்கள்

மழை இல்லை. காற்று மட்டும். பிரஸ் ஷட்டர் பகல் முழுக்க படபட.

பதினொரு மணிக்கு இசக்கி வந்தான். பம்புசெட் டிரம்மர். ஊர் சுரண்டைக்கும் வி.கே.புதூருக்கும் நடுவில். திங்கட்கிழமை அவன் தென்காசிப் பக்கம் வருகிறவன் இல்லை. டீ வேண்டாம் என்றான்.

"எக்கா, ஒரு விசயம். ஏசக் கூடாது."

"சொல்லு."

"அப்பாவால இந்த வருசம் ஆட முடியாதுல்லா."

அவன் அப்பா ஊர் அம்மன் கோயிலில் மாடசாமிக்கு ஆடுகிறவர். போன மாதம் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன். தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்தவள்தான் நான். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"நேத்து ஊர்க்கூட்டம் போட்டாங்க. வாரிசு இருக்கும்போது வேற ஆளு எதுக்குன்னுட்டாங்க. காப்பு எனக்குத்தான் கட்டுதாங்க."

"என்னைக்கு?"

"ஆடி பன்னெண்டு."

அப்போதும் உறைக்கவில்லை. அவன் என் தலைக்கு மேலே தேதிக் காலண்டரைப் பார்த்தான். நானும் திரும்பிப் பார்த்தேன். தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஆடி 12, ஜூலை 28, செவ்வாய். அதிலிருந்து எட்டாம் நாள் கொடை, ஆகஸ்ட் 4. காப்புக் கட்டியவன் கொடை முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பெங்களூர் ஆகஸ்ட் 1.

அந்த நோட்டீஸை அடித்ததே நான்தான். மூன்று வாரம் முன்னால். இரண்டு தடவை பிழை பார்த்தேன். 'கால்நாட்டு, காப்புக் கட்டுதல்' என்பதைச் சிவப்பில் எடுப்பாகப் போட்டதும் நான்தான். பிரஸ்ஸில் உட்கார்ந்தால் என் தலைக்குள் ஆடி, ஆவணி. ஈரத்துணி வேலை என்றால் ஜூலை, ஆகஸ்ட். இரண்டும் ஒரே தாளில் மேலும் கீழுமாக அச்சடித்துச் சுவரில் தொங்குகிறது. தினமும் காலையில் கிழிக்கிறேன். இந்த மண்டையை வைத்துக்கொண்டு கம்பெனி நடத்துகிறேன்.

"ஏம்லே முன்னாடியே சொல்லல?"

"அப்பா எந்திரிச்சிருவாருன்னு நெனச்சேன்." பிறகு, "நோட்டீஸ் நீங்கதான அடிச்சீங்க. தெரிஞ்சுதான் தேதி வச்சிருப்பீங்க, எதாவது வழி வச்சிருப்பீங்கன்னு இருந்துட்டேன்."

டீ வாங்கிக் கொடுத்தேன். இந்தத் தடவை குடித்தான்.

ஜூலை 21, செவ்வாய்

பெங்களூர் மேடைக்காரர்களுக்குப் போன். தேதியை மாற்ற முடியாதாம். 'உங்கள் டிரம்மருக்கு என்ன, உடம்பு சரியில்லையா?' என்று கேட்டார்கள். சாமியாட வேண்டும் என்று சொன்னேன். 'அதற்கு லீவு கிடையாதா?' என்று கேட்டார்கள்.

தைலம் மறந்துவிட்டது.

ஜூலை 22, புதன்

சாரலும் வெயிலும் மாறி மாறி. மேலகரம் அறையில் எல்லாரும். சீசன் என்பதால் லாட்ஜ்காரர் எங்கள் அறையில் உபரி மெத்தைகளை அடுக்கிவிட்டார். சுவர் தெரியவில்லை. கேட்டதற்கு, "சீசன்ல எனக்கு மெத்த முக்கியமா, ஒங்க மேளம் முக்கியமா?" நியாயமான கேள்வி. ஆனால் மெத்தை புண்ணியத்தில் அறையில் எதிரொலி சுத்தமாக இல்லை. ஒன்பது வருடமாகக் காசு சேர்த்துச் செய்ய நினைத்தது.

ஆன்றோவுக்குக் கோபம். "ஒரு வருசம் வேற யாராச்சும் ஆடினா சாமி கோச்சுக்குமாலே?" என்று கேட்டான். இசக்கி ஸ்டூல் திருகாணியை முறுக்கிக்கொண்டே இருந்தான். கிடார் சுந்தர், "விடுலே, அவன் வீட்டு விசயம்" என்றான். சுந்தர் எப்போதும் அவ்வளவுதான் பேசுவான்.

கடைசியில் ஜெனிதான் வாயைத் திறந்தாள். ஜெனி கட்டெறும்பின் டிரம்மர். செங்கோட்டைப் பிள்ளை. எக்ஸ்ரே சென்டரில் வேலை. "நான் வாசிக்கேன். எட்டுப் பாட்டுதான? லீவு போட்டுப் படிச்சிருதேன். இசக்கி அண்ணன் சொல்லித்தந்தா போதும்."

எல்லாரும் இசக்கியைப் பார்த்தார்கள். அவன் ஸ்டூலிலிருந்து எழுந்து, "ஒக்காரு" என்றான்.

அவ்வளவுதான் கூட்டம். பத்து நிமிடம். நான் இரண்டு இரவு தூங்காததெல்லாம் வீண்.

ஜூலை 24, வெள்ளி

பிரஸ்ஸில் அரை நாள் லீவு. அண்ணாச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

குற்றாலம் பஸ்ஸில் நிற்க இடமில்லை. எண்ணெய் தேய்த்த தலைகள். பின்னால் ஒரு பெண், "அருவில தண்ணி கூடிப் போச்சாம், கயிறு கட்டிட்டாங்களாம், வா வீட்டுக்கே போவோம்" என்கிறாள். புருஷன், "எண்ணெ தேச்சாச்சுல்லா, இனி என்ன செய்ய?" என்கிறான்.

ஜெனி வேகம். காலையில் மூன்று பாட்டு, மதியம் இரண்டு. இசக்கி மெத்தை அடுக்கின் மேல் உட்கார்ந்து தொடையில் தட்டிக் காட்டுகிறான். 'மூணு ஃபேஸ்' பாட்டு நடுவில் நிறுத்தி, "இங்கன அடிக்காத. விட்டுரு. ஆன்றோ மூச்சு விடட்டும்" என்றான். அவள் அடுத்த முறை விட்டாள். அவன் விடுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக விட்டாள். பாட்டு அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஆன்றோ திரும்பிப் பார்த்தான். சுந்தரும் பார்த்தான். நான் பார்க்காத மாதிரி உறை தைத்தேன். ஊசி விரலில் ஏறியது.

இசக்கி, "ஆமா, அப்படித்தான்" என்றான். அவன் அப்படி ஒருநாளும் வாசித்ததில்லை.

உறை பாக்கி: நாற்பது.

ஜூலை 27, திங்கள்

நல்ல மழை. இசக்கிக்கு இது கடைசி நாள், நாளைக்குக் காப்பு.

எட்டுப் பாட்டையும் ஒரே மூச்சில் ஜெனி வாசித்தாள். அவன் தவறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லை. கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை குடையோடு கூடப் போனேன்.

"எக்கா, இது ஒரு தடவைதான?"

"ஒரு தடவைதாம்லே."

"இல்ல, சும்மா கேட்டேன். ஆல்பத்துல நாந்தான இருக்கேன்."

"எட்டுப் பாட்டும் நீதான் வாசிச்சிருக்க. அத யாரு மாத்த முடியும்?"

சிரித்தான். சுரண்டை பஸ் வந்தது. ஏறி ஜன்னல் வழியாக, "ஜெனிக்கு வலது கைதான் வேகம், பாத்துக்கிடுங்க" என்று கத்தினான். எதற்குச் சொன்னான் என்று தெரியவில்லை. குடை இருந்தும் நனைந்து வந்தேன். மனசு சரியில்லை.

ஜூலை 28, செவ்வாய்

இசக்கி ஸ்டேட்டஸ்: மஞ்சள் கயிறு கட்டிய மணிக்கட்டு. வேறு ஒன்றும் எழுதவில்லை.

பேனர் ஒன்பது. அம்மாவுக்குத் தைலம் வாங்கியாச்சு. அது வேறு தைலமாம்.

ஜூலை 31, வெள்ளி

வெளியாகிவிட்டது. இரண்டும்.

பிள்ளைகளுக்கு நள்ளிரவு பன்னிரண்டு மணி அடித்த உடனேயே வெளியிட ஆசை. அம்மா, "வெள்ளிக்கெழம பத்தரையிலேருந்து ராகுகாலம், அதுக்கு முன்னால எதையும் செய்யி" என்றாள். காலை ஒன்பதுக்கு வைத்தேன். எல்லாருக்கும் பாதி திருப்தி.

பத்து மணிக்குள் கட்டெறும்பை யாரோ போலந்து நாட்டிலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஆன்றோ அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஏழு குரூப்பில் போட்டான். தென்காசியில் யார் கேட்டார்கள் என்று தேடினேன். என்னைத் தவிர மூன்று பேர். ஒருவர் என் சித்தி மகன். பாவம், நான் கேட்பேன் என்று பயந்து கேட்டிருக்கிறான்.

மதியம் இசக்கி போன். காற்று இரைச்சல்.

"குளத்தங்கர கிட்ட எல்லைக் கல்லு இருக்குல்லா, அங்கன நின்னாத்தான் டவர் எடுக்கு. கல்லத் தாண்டாம இந்தப் பக்கமே நின்னு எட்டையும் கேட்டேன்."

"எப்படி இருக்கு?"

"மூணாவது பாட்டுல நான் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கேன். முன்னால தெரியல." பிறகு, "ஜெனி வாசிச்சதக் கேட்ட பெறவுதான் தெரியுது."

பெங்களூர் போய் வந்து பேசுவோம் என்று வைத்துவிட்டேன். வேன் நாலு மணிக்கு. டிரைவர் கடைசியில் வந்துவிட்டார், என் பொல்லாப்பு அவருக்கு வேண்டாமாம்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

வீடு வந்தாச்சு. கால் வீங்கிப் போய்விட்டது. அம்மா ரசம் வைத்திருந்தாள். அழுகை வந்தது, ரசத்துக்கா வேறு எதற்கா தெரியவில்லை.

மேடை பற்றி: நன்றாக இருந்தது. நன்றாக என்றால், ஒன்பது வருடத்தில் நான் பார்த்ததிலேயே நன்றாக. ஜெனி முதலில் கட்டெறும்பின் ஆறு, அரை மணி நேரம் கழித்துப் பம்புசெட்டின் எட்டு. 'மூணு ஃபேஸ்' நடுவில் அவள் கையைத் தூக்கி நிறுத்தியபோது அறையில் இருநூறு பேரும் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. கொண்டுபோன உறைகள் எல்லாம் தீர்ந்தன. துண்டை மோந்து பார்த்துவிட்டு ஒருத்தன், "மழை வாசனை வச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். பூஞ்சை என்று சொல்லவில்லை.

முடிந்ததும் மேடைக்காரர்கள் வந்து ஹைதராபாத், கொச்சி, புனே மூன்றுக்கும் கூப்பிட்டார்கள். பம்புசெட்டை. 'இதே ஆட்களோடு' என்றார்கள்.

திரும்பி வரும்போது ராஜபாளையத்தில் டீ. ஆன்றோ என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"எக்கா, ஜெனியே இருக்கட்டும்."

என் டீயைக் கீழே வைத்தேன்.

"கோவத்துல சொல்லல. இசக்கி இனி வருசா வருசம் ஆடணும். ஆடி மட்டுமில்ல, சித்திரையில ஒரு கொட இருக்கு. எப்பக் கூப்பிட்டாலும் போகணும். அதுமில்லாம..."

அதுமில்லாம என்பதோடு நிறுத்திவிட்டான். சுந்தரைப் பார்த்தேன். டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெனி வேனுக்குள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். தூங்கவில்லை, இமை துடித்தது.

"நீயே அவங்கிட்ட சொல்லு" என்றேன்.

"நீங்க சொன்னாத்தான்க்கா அவன் கேப்பான்."

ஆன்றோ விட்ட வாக்கியத்தை யாரும் பார்க்காத இந்த நோட்டில் எழுதி முடித்துவிடுகிறேன். அதுமில்லாம, அவள்தான் நன்றாக வாசிக்கிறாள். எனக்கும் தெரியும். 24ஆம் தேதியே தெரியும். தெரிந்துகொண்டுதான் பஸ் ஸ்டாப்பில் ஒரு தடவைதான் என்று சொன்னேன். ஒன்பது வருடம் முன்னால் முதல் பாட்டைப் பதிவு செய்தபோது டிரம்ஸ் இல்லை. இசக்கி பெயின்ட் டின்னில் வாசித்தான். அது எல்லாம் இதற்குப் பதில் ஆகாது.

போனில் சொல்லலாமா? கூடாது. கொடை முடியட்டுமா? முடிந்த மறுநாள் காலை அவன் பயிற்சிக்கு வந்து நிற்பான். ஆன்றோ வாசலில் வைத்து எதையாவது உளறுவான்.

செவ்வாய் நேரில் போகிறேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

பிரஸ். நாளைக்கு லீவு கேட்டேன். எந்தக் கொடைக்கு என்றார் அண்ணாச்சி. ஊரைச் சொன்னேன். "அந்த நோட்டீஸ் நல்லா வந்துச்சும்மா. செவப்பு நல்லா எடுத்துக் குடுத்துச்சு" என்றார்.

சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். நாலு விதமாக. நாலையும் கிழித்தாச்சு.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

வெயில். சாரல் இல்லாமல் இரண்டு வாரத்தில் முதல் தடவை. துணியை மொட்டை மாடியில் போட்டுவிட்டு ஒன்பது மணிக்குச் சுரண்டை பஸ். அங்கிருந்து ஷேர் ஆட்டோ. ஊர் முகப்பில் என் பேனர். அம்மன் முகத்தில் வெளிச்சம் போதவில்லை, அண்ணாச்சி சொன்னது சரிதான்.

மதியக் கொடைக்குக் கூட்டம் நெருக்கியது. வில்லுப்பாட்டு முடியும் நேரம். இசக்கியின் அம்மா பார்த்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்துப் பெண்கள் வரிசையில் முன்னால் நிறுத்தினாள். அவன் அப்பாவை நாற்காலியோடு தூக்கி வந்து பந்தல் ஓரம் வைத்திருந்தார்கள். மகனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை அவர்.

"அவங்கிட்ட கொஞ்சம் பேசணும்மா" என்றேன்.

"இப்ப அவனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சாமி மலையேறின பெறவுதான் அவன் அவனா இருப்பான். நடந்தது ஒண்ணும் ஞாவகம் இருக்காது. அவங்க அப்பாவுக்கும் அப்படித்தான். முப்பது வருசமா ஒரு வார்த்த நெனவிருந்ததில்ல."

மேளம் ஏறியது. வந்தான். கச்சை, சல்லடம் என்று சாமிக்கான உடுப்பு, நெற்றி நிறைய மஞ்சள். அது இசக்கி நடை இல்லை. தோள் வேறு, கழுத்து வேறு. எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்று யோசிக்க நேரமில்லை, கை தானாகக் குவிந்தது.

வரிசையில் ஒவ்வொருவர் முன்னாலும் நின்றான். எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம், "மனசுல வச்சிருக்கதச் சொல்லுட்டி." அவள் மகள் கல்யாணத்தைச் சொன்னாள். விபூதி. அடுத்து நான்.

"ஏட்டி."

ஒன்பது வருடம் எக்கா என்று கூப்பிட்ட குரல்.

"மனசுல வச்சிருக்கதச் சொல்லு."

மேளம் காதுக்குப் பக்கத்தில். யாருக்கும் எதுவும் கேட்காது. அவனுக்கு நினைவும் இருக்காது. இந்த இரண்டையும் நினைத்துத்தான் சொன்னேன். எழுதும்போது கூசுகிறது.

"இனி ஜெனிதான் வாசிப்பா. இசக்கி வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு. நானுந்தான்."

அந்தக் கண்ணில் ஒன்றும் இல்லை. நெற்றியில் விபூதியை அழுத்திப் பூசிவிட்டு அடுத்தவளிடம் போனான். எனக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. சாமியிடம் சொன்னால் சொன்னதாகுமா? ஆகாது. இவனிடம் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை ஒத்திகை என்று வைத்துக்கொண்டேன்.

மூன்று மணி. சாமி மலையேறிவிட்டது. அவன் கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான். தலையில் ஊற்றிய தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இளநீர் குடித்தான். கூட்டம் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போது பழைய தோள்தான்.

"சாப்ட்டீங்களாக்கா?"

"ம்."

"ஆல்பம் எப்படிப் போகுது?"

"போகுது." அவன் பக்கம் திரும்பினேன். "இசக்கி, ஒன்ட்ட ஒரு விசயம்..."

"அதான் சொல்லிட்டீங்களே."

தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

"கேட்டுச்சா?"

"எல்லாம் கேக்கும்க்கா." இளநீர்க் கூட்டை மண்ணில் நிமிர்த்தி வைத்தான். சரிந்தது. மறுபடி வைத்தான். "வீடியோ பாத்தேன். நல்லா வாசிக்கா. நான் ஒண்ணும் சொல்லல."

அவன் அம்மா சர்க்கரைப் பொங்கல் இலையோடு வந்தாள். அவன் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள். "எய்யா, எதும் ஞாவகம் இருக்கா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"பாத்தியளா, நான் சொல்லல?" என்று என்னைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பு. "அப்பா கேட்டுட்டே இருக்காரு. போய்ச் சொல்லுதேன்." போய்விட்டாள். பந்தல் ஓரம் அவள் குனிந்து சொல்வதும், அந்த மனிதர் நாற்காலியில் இருந்தபடி கண்ணைத் துடைப்பதும் இங்கிருந்தே தெரிந்தது.

இசக்கியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பொங்கலை என் பக்கம் நகர்த்தினான்.

"எக்கா, கேட்டுச்சுன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லிராதீங்க. இனி எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."